சயாம் மரண ரயில்: காஞ்சனபுரி அருங்காட்சியகத்தில் எதைப் பார்க்க வேண்டும்?

முன்பு சயாம் என்று அழைக்கப்பட்ட தாய்லாந்தின் தலைநகர் பாங்காக்கிலிருந்து மேற்கே சுமார் 130 கிலோமீட்டர் போனால் காஞ்சனபுரி வரும். மலேசியத் தமிழர்களுக்கு இந்த ஊர் அந்நியமானதல்ல. 'தாத்தாவைச் சயாமுக்குப் பிடித்துக்கொண்டு போனார்கள், திரும்பி வரவில்லை' என்று ரப்பர் தோட்டத்து வரிசை வீடுகளான லயங்களில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வந்திருக்கிறார்கள். அந்தத் தாத்தாக்கள் போட்ட ரயில் பாதை இந்த ஊர் வழியாகத்தான் போகிறது. தமிழ்நாட்டில் இதை அறிந்தவர்கள் குறைவு. அறிந்தவர்களிலும் பலருக்குக் குவாய் நதிப் பாலத்தைப் பற்றிய ஆங்கிலத் திரைப்படம்தான் தெரியும்.

இரண்டாம் உலகப் போரில் ஜப்பானிய ராணுவம் போட்ட அந்தப் பாதையின் வரலாற்றைச் சொல்லும் தாய்லாந்து–பர்மா ரயில்வே மையம் காஞ்சனபுரியில் இருக்கிறது. போர் அருங்காட்சியகம் என்றதும் பீரங்கியும் துப்பாக்கியும் பதக்கங்களும்தான் நமக்கு நினைவுக்கு வரும். அவற்றை வேடிக்கை பார்த்துவிட்டு வந்தால் ஒரு பிற்பகல் கழியும், அவ்வளவுதான். இந்தப் போரில் யார் செத்தார்கள், எதனால் செத்தார்கள், யாருடைய சாவு எழுதிவைக்கப்பட்டது, யாருடையது எழுதப்படவில்லை என்ற கேள்விகளோடு போனால் கிடைப்பது வேறு. காஞ்சனபுரியில் எழுதப்பட்ட சாவும் எழுதப்படாத சாவும் ஒரே ஊரில் அருகருகே இருக்கின்றன.

பாதை எதற்காகப் போடப்பட்டது?

1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்தது. அடுத்த மாதமே ரங்கூனும் அவர்கள் கைக்குப் போனது. பர்மாவில் நிலைகொண்ட படைக்கு அரிசி, குண்டு, ஆட்கள் எல்லாம் மலாக்கா நீரிணை வழியாகக் கப்பலில்தான் போயாக வேண்டும். அந்தக் கடல் வழியில் நேச நாடுகளின் நீர்மூழ்கிகளும் விமானங்களும் காத்திருந்தன. அதனால் தாய்லாந்திலிருந்து பர்மாவுக்குத் தரைவழியே ரயில் விட ஜப்பானிய ராணுவம் முடிவு செய்தது. பிரிட்டிஷார் முன்பே யோசித்துப் பார்த்து, மலையையும் காட்டையும் மழையையும் கண்டு கைவிட்ட வழி அது.

தாய்லாந்தின் நோங் பிளாடுக்கிலிருந்து பர்மாவின் தன்பியூசயாத் வரை 415 கிலோமீட்டர். 1942-ஆம் ஆண்டின் நடுவில் இரண்டு முனையிலிருந்தும் வேலை தொடங்கியது. 1943 அக்டோபர் 17 அன்று இருபுறத் தண்டவாளங்களும் கொன்கொய்தா என்ற இடத்தில் ஒன்று சேர்ந்தன. இடையில் சிறிதும் பெரிதுமாக 600-க்கும் மேற்பட்ட பாலங்கள். இயந்திரங்கள் மிகக் குறைவு. மண்வெட்டி, கடப்பாரை, கூடை, சுத்தியல், சில இடங்களில் யானைகள். மற்றதெல்லாம் மனித உடல் செய்த வேலை. 1943-இன் தொடக்கத்தில் பாதையைச் சீக்கிரம் முடிக்கும்படி உத்தரவு வந்தது. அதே ஆண்டில் பருவமழையும் முன்கூட்டியே கொட்டியது. பசி, மழை, அடி, காலரா நான்கும் சேர்ந்து வந்த அந்தச் சில மாதங்களில்தான் சாவு பெருகியது.

யார் போட்டார்கள்?

இரண்டு வகை மனிதர்கள் இதில் வேலை வாங்கப்பட்டார்கள். பிரிட்டிஷ், டச்சு, ஆஸ்திரேலிய, அமெரிக்கப் போர்க்கைதிகள் சுமார் 60,000 பேர். அவர்களில் 12,000-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். இன்னொரு வகை, மலாயா, பர்மா, ஜாவா முதலிய இடங்களிலிருந்து கொண்டுவரப்பட்ட ஆசியத் தொழிலாளர்கள். இவர்கள் ஏறத்தாழ 2,00,000 பேர் என்றும், இறந்தவர்கள் 90,000 அளவில் இருக்கலாம் என்றும் வரலாற்றாசிரியர்கள் மதிப்பிடுகிறார்கள். கைதிகளில் ஐவரில் ஒருவர் இறந்தார் என்றால், தொழிலாளர்களில் ஏறக்குறைய இருவரில் ஒருவர்.

மலாயாவிலிருந்து போனவர்கள் மட்டும் சுமார் 75,000 பேர். அவர்களில் மிகப் பெரும்பாலோர் தோட்டத்துத் தமிழர்கள். ஏன் தமிழர்கள்? போர் வந்ததும் மேற்கு நாடுகளுக்கு ரப்பர் ஏற்றுமதி நின்றுபோனது. பால்வெட்டு இல்லாத தோட்டத்தில் கூலியும் இல்லை. பர்மா அரிசி வருவது குறைந்து, மரவள்ளிக்கிழங்கே சோறானது. கப்பலேறி இந்தியாவுக்குத் திரும்பவும் வழியில்லை. வேலையற்ற, பசித்த, ஒரே இடத்தில் லயம் லயமாகக் குடியிருந்த மக்கள் ஜப்பானியருக்கு எளிதில் கிடைத்தார்கள். மேற்பார்வை செய்யும் கங்காணி, கணக்கெழுதும் கிராணி என்ற தோட்டத்து அமைப்பு அப்படியே இருந்ததால், யார் எந்த வீட்டில் இருக்கிறார் என்பதைத் தேட வேண்டிய அவசியமும் இல்லை.

முதலில் ஆசை காட்டினார்கள்: மூன்று மாத வேலை, நாளுக்கு ஒரு வெள்ளி சம்பளம், குடும்பத்தோடு வரலாம். போனவர்கள் திரும்பாதது தெரிந்து ஆட்கள் மறுக்கத் தொடங்கியதும் ஆள் பிடிக்க ஆரம்பித்தார்கள். இலவசப் படம் காட்டுவதாகக் கூட்டம் சேர்த்துக் கதவைச் சாத்திக்கொண்டதாக உயிர் பிழைத்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். பெண்களும் குழந்தைகளும்கூட அந்த ரயில்களில் போனார்கள்.

உள்ளே என்ன இருக்கிறது?

தாய்லாந்து–பர்மா ரயில்வே மையத்தை 2003-இல் ராட் பீட்டி என்ற ஆஸ்திரேலியர் தொடங்கினார். பாதை போன தடத்தைக் காட்டுக்குள் நடந்து நடந்து ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தவர் அவர். அந்த உழைப்பு காட்சிக்கூடங்களில் தெரிகிறது. இங்கே ஆயுதங்களுக்கு முக்கியத்துவம் இல்லை. திட்டம் எப்படி உருவானது, நிலம் எப்படிப்பட்டது, ஆட்கள் எப்படிக் கொண்டுவரப்பட்டார்கள், என்ன சாப்பிட்டார்கள், என்ன நோயில் செத்தார்கள் என்று கதை வரிசையாகப் போகிறது.

மேடுபள்ளங்களோடு செய்த பாதையின் மாதிரி வரைபடத்தின் முன் சற்று அதிக நேரம் நில்லுங்கள். 415 கிலோமீட்டர் என்ற எண்ணுக்கு அப்போதுதான் மலையும் ஆறும் முளைக்கின்றன. ஆற்றங்கரையை ஒட்டியே பாதை ஏன் போகிறது, எந்தெந்த இடத்தில் பாறையை வெட்டினார்கள், மேலே உள்ள முகாம்களுக்கு மழைக்காலத்தில் அரிசி ஏன் போய்ச் சேரவில்லை என்பதெல்லாம் அங்கே ஒரே பார்வையில் விளங்கும்.

ஆட்களை ஏற்றிவந்த சரக்குப் பெட்டியும் அங்கே இருக்கிறது. சிங்கப்பூரிலிருந்து தாய்லாந்தின் பான் போங் வரை கைதிகளை இப்படிப்பட்ட பெட்டிகளில் முப்பது பேர் அளவில் அடைத்து நான்கைந்து நாள் கொண்டுவந்தார்கள். பகலில் வெயிலில் காயும் தகரம், இரவில் குளிர். எல்லோரும் ஒரே நேரத்தில் உட்காரவே இடமிருக்காது. மலாயாத் தொழிலாளர்கள் வந்ததும் இதே வழிதான். பெட்டியின் நீள அகலத்தைக் கண்ணால் அளந்து, அதற்குள் முப்பது பேரை நிறுத்திப் பாருங்கள். எந்தப் புத்தகமும் இவ்வளவு வேகமாக இதைச் சொல்லிவிடாது.

மருத்துவத்தைப் பற்றிய பகுதியை அவசரமாகக் கடந்துவிடாதீர்கள். கைதிகளோடு வந்த ராணுவ மருத்துவர்கள் மூங்கிலையும் தகரத்தையும் வைத்தே மருத்துவம் பார்த்தார்கள். காலரா நோயாளிக்கு உடனே உப்புநீர் ஏற்ற வேண்டும். கையில் கிடைத்த குழாய்களைக் கொண்டு தண்ணீரைக் காய்ச்சி வடித்து, மூங்கில் முனையை ஊசியாக்கி ஏற்றினார்கள். கால் புண் அழுகிக் காலையே எடுக்க நேர்ந்தவர்களுக்கு மூங்கிலில் செயற்கைக் கால் செய்தார்கள். எட்வர்ட் டன்லப் என்ற ஆஸ்திரேலிய அறுவை மருத்துவர் இத்தனைக்கும் நடுவில் ஒளித்து ஒளித்து நாட்குறிப்பும் எழுதினார்.

சாலையின் எதிர்ப்புறம்

அருங்காட்சியகத்துக்கு எதிரிலேயே காஞ்சனபுரி போர்க் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. போர்க்கைதிகள் ஏறத்தாழ 7,000 பேர் அங்கே அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்கள். காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் பராமரிக்கும் அந்தப் புல்வெளியில் வரிசை வரிசையாகப் பட்டயங்கள். பெயர், படைப்பிரிவு, இறந்த நாள், வயது, வீட்டார் எழுதச் சொன்ன ஒரு வரி. காலராவால் இறந்து எரிக்கப்பட்ட 300 பேரின் சாம்பல் இரண்டே குழிகளில் இருக்கிறது. அந்த 300 பேரின் பெயர்களும் பொறிக்கப்பட்டிருக்கின்றன.

காட்டில் சிதறிக் கிடந்த சடலங்களுக்கு இத்தனை பெயர்கள் எப்படிக் கிடைத்தன? கைதிகள் ராணுவ அமைப்போடு இருந்தார்கள். யார் செத்தார், எந்த முகாமில், எந்த இடத்தில் புதைத்தோம் என்பதை அதிகாரிகள் ரகசியமாக எழுதினார்கள். ஜப்பானியக் காவலர்கள் சோதனை போடுவார்கள் என்பதால் சில பதிவுகளைக் கல்லறைகளிலேயே புதைத்துவைத்தார்கள். போர் முடிந்து 1945 செப்டம்பரில் ஒரு தேடும் குழு பாதை நெடுகப் போய் அந்தக் காகிதங்களைத் தோண்டியெடுத்து, கல்லறைகளை ஒவ்வொன்றாக அடையாளம் கண்டது. பிறகு உடல்கள் மூன்று பெரிய கல்லறைத் தோட்டங்களுக்கு மாற்றப்பட்டன.

தொழிலாளர்களுக்கு இப்படி எதுவும் இல்லை. இந்தத் தோட்டத்தில் அவர்களுக்கு இடமும் இல்லை, அது படைவீரர்களுக்கானது. 1990-இல் காஞ்சனபுரியில் ஒரு கரும்புக் கொல்லையைத் தோண்டியபோது நூற்றுக்கணக்கான எலும்புக்கூடுகள் வெளிவந்தன. ரயில் பாதையில் வேலை செய்த ஆசியத் தொழிலாளர்களுடையவை என்று கருதப்படும் அவற்றில் ஒன்றுக்கும் பெயர் கிடைக்கவில்லை.

அவர்கள் ஏன் அதிகம் செத்தார்கள்?

இந்த அருங்காட்சியகத்திலிருந்து வெளியே வரும்போது ஒருவர் விடை தெரிந்துகொள்ள வேண்டிய கேள்வி இது. காடு ஒன்றுதான், மழை ஒன்றுதான், காவலர்களும் ஒரே ராணுவம்தான். பிறகு ஏன் சாவில் இவ்வளவு வேறுபாடு?

முதல் காரணம் மருத்துவர். கைதிகளின் முகாம்களில் மருத்துவர்கள் இருந்தார்கள். தொழிலாளர் முகாம்கள் பலவற்றில் இல்லை. இரண்டாவது காரணம் ஒழுங்கு. தண்ணீரைக் கொதிக்கவைத்தே குடிக்க வேண்டும், சாப்பிடும் பாத்திரத்தைக் கொதிநீரில் முக்க வேண்டும், கழிப்பிடம் ஆற்றிலிருந்து தள்ளி இருக்க வேண்டும் என்ற கட்டளைகளை அதிகாரிகள் கைதிகளிடம் நடத்திக் காட்டினார்கள். வெவ்வேறு தோட்டங்களிலிருந்து அள்ளிக்கொண்டு வரப்பட்ட தொழிலாளர்களிடையே அப்படிக் கட்டளையிட ஆளும் இல்லை, கொதிக்கவைக்கப் பாத்திரமும் இல்லை. ஆற்று நீரைக் குடித்தார்கள். காலரா ஒரு முகாமுக்குள் நுழைந்தால் முகாமே காலியானது. 1943-இன் நடுவில் ஜப்பானியர்களே போர்க்கைதிகளிலிருந்து மருத்துவர்களையும் உதவியாளர்களையும் பிரித்து 'கே' பிரிவு, 'எல்' பிரிவு என்று தொழிலாளர் முகாம்களுக்கு அனுப்பினார்கள். பல உயிர்களுக்கு அது காலம் கடந்த உதவி.

மூன்றாவது காரணம், அவர்களுக்காகக் கேட்க ஒரு அரசு இல்லை. போர்க்கைதிக்குப் பின்னால் ஒரு நாடும் ராணுவமும் இருந்தன. போர் முடிந்ததும் தேடி வந்தன. பிரிட்டிஷ் மலாயாவின் தோட்டத்துத் தமிழரைக் காலனி அரசு கூலிக் கணக்கில் வைத்திருந்தது. காணாமற்போன பின் ஒவ்வொருவராகத் தேடி வரவில்லை. துப்பாக்கிக்குத் தப்பியவர்களையும் கவனிப்பாரின்மை கொல்லும் என்பதை இந்தப் பாதையைப் போலத் தெளிவாகக் காட்டும் இடங்கள் குறைவு.

ஒரே பாதை, வேறு வேறு கதை

பாதை திறக்கப்பட்ட நாளில் ஓடிய சி56 31 என்ற நீராவி எஞ்சின் இன்று டோக்கியோவில், யாசுகுனி கோயிலைச் சேர்ந்த யூஷூகான் போர் அருங்காட்சியகத்தின் முகப்புக் கூடத்தில் நிற்கிறது. ஜப்பானுக்காகப் போரில் இறந்தவர்களைப் போற்றும் கோயில் அது. அங்கே நுழைபவர் முதலில் காண்பது துடைத்துப் பளபளப்பாக்கிய எந்திரத்தை. காஞ்சனபுரியில் நுழைபவர் காண்பது பாதை போட்டவர்களின் கதியை. இரண்டு இடங்களிலும் உள்ளவை உண்மையான பொருட்களே. எதை முன்னே வைப்பது, எதைச் சொல்லாமல் விடுவது என்ற தேர்வில்தான் கதை மாறுகிறது. எந்தப் போர் அருங்காட்சியகத்துக்குப் போனாலும், நம் நாட்டுடையதாகவே இருந்தாலும், இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது: இதை யார் கட்டினார்கள், யாருக்காக, யாருடைய குரல் இங்கே கேட்கவில்லை?

குவாய் நதிப் பாலத்தைப் பற்றிய 1957-ஆம் ஆண்டுத் திரைப்படத்துக்கும் இந்தக் கேள்வி பொருந்தும். அது படமாக்கப்பட்டது தாய்லாந்தில் அல்ல, இலங்கையின் கித்துல்கலவில். பிரிட்டிஷ் அதிகாரி ஒருவரின் பிடிவாதத்தைச் சுற்றியே கதை சுழல்கிறது; தோட்டத் தொழிலாளியின் கதைக்கு அதில் இடமில்லை. உலகம் முழுக்க இந்தப் பாதையை அந்தப் படத்தின் வழியே அறிந்ததால், பாதி வரலாறு பார்வையிலிருந்து விலகிப்போனது.

தமிழரின் பக்கத்திலும் கதை ஒற்றை நிறம் கொண்டதல்ல. மலாயாத் தோட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கான இளைஞர்கள் நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தார்கள். அந்த ராணுவத்தினர் சிலர் பர்மாப் போர்முனைக்குப் போனதும் இதே ரயில் பாதையில்தான். ஒருவர் செத்துப் போட்ட தண்டவாளத்தின் மேல் அவர் ஊர்க்காரரே விடுதலைக் கனவோடு பயணம் செய்திருக்கக்கூடும். இதில் யாரையும் குற்றம் சொல்ல வேண்டியதில்லை. போர் எளிய மக்களை எப்படியெல்லாம் கிழித்துப்போட்டது என்று புரிந்துகொண்டால் போதும்.

போய் ஆவதென்ன?

முதலாவது, சான்று. இப்படி நடக்கவே இல்லை என்றோ, மிகைப்படுத்துகிறார்கள் என்றோ யாராவது சொன்னால் உணர்ச்சி மட்டும் பதிலாகாது. வரைபடம், பெட்டி, நாட்குறிப்பு, எண்ணிக்கை ஆகியவைதான் பதில். அருங்காட்சியகம் அவற்றைக் காத்து வைக்கிறது.

இரண்டாவது, மனமாற்றம். 1945-இல் அந்தத் தேடும் குழுவோடு மொழிபெயர்ப்பாளராகப் போனவர் நாகசே தாகாஷி என்ற ஜப்பானியர். கல்லறை கல்லறையாகப் பார்த்த அந்தப் பயணம் அவர் வாழ்க்கையை மாற்றியது. பிற்காலத்தில் திரும்பத் திரும்பக் காஞ்சனபுரிக்கு வந்தார், குவாய் நதிப் பாலத்தருகே புத்தர் ஆலயம் ஒன்றை எழுப்பினார். தான் மொழிபெயர்க்க, சித்திரவதை செய்து விசாரிக்கப்பட்ட பிரிட்டிஷ் கைதி எரிக் லோமாக்ஸை 1993-இல் அதே ஊரில் சந்தித்து மன்னிப்புக் கேட்டார். நடந்ததை நேராகப் பார்த்தவர்களால்தான் அங்கே வந்து நிற்க முடிந்தது.

மூன்றாவது, நமக்கான கடமை. அருங்காட்சியகத்தில் கைதிகளின் பொருட்கள் நிறைய இருப்பதற்குக் காரணம் அவர்கள் எழுதினார்கள், வரைந்தார்கள், ஒளித்துவைத்தார்கள், வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். நம்மவர்களிடம் பெரும்பாலும் காகிதமும் இல்லை, எழுத்தும் இல்லை. அவர்கள் விட்டுப்போனது வாய்மொழி. மலேசியாவில் ஆர். சண்முகம் 'சயாம் மரண ரயில்' நாவலையும் அ. ரெங்கசாமி 'நினைவுச்சின்னம்' நாவலையும் எழுதியிராவிட்டால், அதில் பெரும்பகுதி தமிழ் எழுத்துக்கு வந்தே இருக்காது.

போகிறவர்களுக்கு

ஒரே நாளில் எல்லாவற்றையும் ஓடி ஓடிப் பார்க்காமல் இரண்டு நாள் ஒதுக்குங்கள். முதல் நாள் ரயில்வே மையத்தில் தொடங்கிக் கல்லறைத் தோட்டம், பிறகு குவாய் நதிப் பாலம் என்ற வரிசையில் போகலாம். பாலத்தில் வில்போல் வளைந்த இரும்புச் சட்டங்கள் ஜாவாவிலிருந்து கொண்டுவந்த பழையவை. நேரான சட்டமுள்ள இரண்டு பகுதிகள் குண்டுவீச்சில் உடைந்த இடத்தில் போருக்குப் பின் வைக்கப்பட்டவை. பாலத்துக்கு அருகில் 1944-இல் ஜப்பானிய ராணுவமே எழுப்பிய நினைவிடம் ஒன்று இருக்கிறது. அதில் தமிழ் உட்படப் பல மொழிகளில் கல்வெட்டுகள் உண்டு. வேலை வாங்கியவர்களே செத்தவர்களுக்கு எழுதிய அஞ்சலியைப் படித்துவிட்டு, அதை எப்படி எடுத்துக்கொள்வது என்று நீங்களே முடிவு செய்யுங்கள்.

இரண்டாம் நாள் சுமார் 80 கிலோமீட்டர் வடமேற்கே உள்ள நரக நெருப்புக் கணவாய்க்குப் போங்கள். சுத்தியலும் உளியும் கொண்டு மலைப்பாறையைப் பிளந்த இடம் அது. இரவு வேலைக்கு ஏற்றிய மூங்கில் தீயின் வெளிச்சத்தில் மெலிந்த உருவங்கள் அசைந்த காட்சி நரகம்போல் இருந்ததால் கைதிகள் இட்ட பெயர் இன்றும் நிலைத்திருக்கிறது. ஆஸ்திரேலிய அரசு 1998-இல் திறந்த அருங்காட்சியகம் அங்கே இருக்கிறது. நுழைவுக் கட்டணம் இல்லை. உயிர் பிழைத்தவர்களின் குரல்பதிவைக் காதில் கேட்டபடியே பழைய தடத்தில் நடக்கலாம். வெட்டுப்பாறைக்குள் இறங்கும் படிகள் அதிகம். முதியோர் வெயிலுக்கு முன் காலையிலேயே போவது நல்லது. பழைய பாதையில் நாம் தோக் என்ற ஊர் வரை இன்றும் பயணிகள் ரயில் ஓடுகிறது. குழந்தைகளை அழைத்துப்போனால், பார்ப்பதற்கு முந்தின இரவே கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுங்கள். படங்கள் சில கடுமையானவை.

போக வசதி இல்லாதவர்களுக்கும் செய்ய ஒரு வேலை உண்டு. உங்கள் குடும்பத்தில் மலாயாவுக்குப் போனவர்கள், சயாமுக்குப் பிடித்துச் செல்லப்பட்டவர்கள் பற்றிப் பேச்சு அடிபட்டிருந்தால், வீட்டுப் பெரியவர்களிடம் இன்றே கேளுங்கள். போனவர் பெயர் என்ன, அப்பா பெயர் என்ன, சொந்த ஊர் எது, எந்தத் தோட்டத்தில் இருந்தார், எந்த ஆண்டு கொண்டுபோனார்கள், யாரோடு போனார், திரும்பினாரா. கைபேசியில் குரலைப் பதிவு செய்து, தனியே எழுதியும் வையுங்கள். போர்க்கைதிகளின் கல்லறைகளில் பெயர் இருப்பதற்கு ஒரே காரணம், யாரோ ஒருவர் அந்தப் பெயரைக் காகிதத்தில் எழுதிவைத்ததுதான். நேரில் பார்த்தவர்கள் ஏறக்குறைய எல்லோருமே போய்விட்டார்கள். அவர்கள் சொல்லக் கேட்டவர்கள் இன்னும் நம்மோடு இருக்கிறார்கள். அவர்களிடமிருந்து ஒரு பெயரை எழுதி வாங்கினாலும், அந்தப் பாதையில் விடுபட்டுப்போன கணக்கில் ஓர் ஆள் குறைவார்.